அ வரிசைத் தட்டு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. போன வாரம் ஆய்வகக் கிடங்கில் பாட்டில்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கினேன். பார்க்க நூலகம் போல இருந்தது. இன்று காலை பார்த்தால், அ வரிசையில் அசிட்டோனுக்குப் பக்கத்திலேயே, 'அமிலம் - நைட்ரிக்' என்று சீட்டு ஒட்டிய நைட்ரிக் அமிலம். அதன் மூடி அரித்து, தட்டில் மஞ்சளாக ஈரம். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். படித்தவன், எப்படி மறந்தேன்?

மேலாளரிடம் மெதுவாகச் சொன்னேன். "பெரியவரே, பாட்டிலுங்க என்ன சண்டையா போடப்போகுது? திங்கக்கிழமை பாத்துக்கலாம், போங்க" என்று சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது கதவுக்கு வெளியிலேயே நெடி வருகிறது.

என் பழைய மூக்குக் கண்ணாடியை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது. விசேஷம் ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுது.

ஆய்வகத்தில் இருந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டேன். அமிலத்தைப் பிரித்து வைக்க வேண்டும். அடுக்கியவன் நான், இன்னொருவரை எப்படி அனுப்புவேன்? முதலில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு உள்ளே போகிறேன்.

அவசரத்தில்,
உன்னவன்