பல்லைத் தின்ற தண்ணீர்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் ரொட்டியைக் கடித்தேன், முன்பல்லின் ஓரம் பெயர்ந்து கையில் வந்துவிட்டது. ரொட்டி! கல் கடித்திருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும். நாக்கு நாள் முழுக்க அந்த இடத்தையே போய்ப் போய்த் தடவியது. நீச்சல் குளத்தில் விசிலை வாயில் வைக்கவே பயம். போட்டிக்குப் போகும் பதினாலு பிள்ளைகளையும் கையைத் தட்டியே நீந்த வைத்தேன். என் தம்பி மகள், நாங்கள் தவளை என்று கூப்பிடுகிறவள், கரையில் வந்து தொங்கிக்கொண்டு, "அத்தை, இன்னிக்குக் கச்சேரியா?" என்றாள். பதினொரு வயசுக்கு வாய் நீளம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பல் டாக்டர் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். சோடா எவ்வளவு குடிப்பீங்க? எலுமிச்சை சாறு? நெஞ்செரிச்சல் உண்டா? அடிக்கடி வாந்தி எடுப்பீங்களா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கலர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலே பிடுங்கிக் கொட்டுகிறவள் நான்.

"கோவப்படாதீங்க. இது சொத்தை இல்ல. அமிலம் பட்டுப் பட்டுப் பல்லோட மேல்தோல் கரைஞ்சிருக்கு" என்றார். அபூர்வம் ஒன்றும் இல்லையாம். பெரியவர்களில் மூன்று பேரை நிறுத்தினால் ஒருவருக்காவது கொஞ்சமோ நிறையவோ இருக்குமாம். முதலில் வலிக்காது என்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை. புளிப்பான பானங்கள், வயிற்றிலிருந்து ஏறும் அமிலம், மாத்திரையால் வாய் உலர்வது, புளிப்பு தின்ற கையோடு பல் தேய்ப்பது என்று வரிசையாகச் சொன்னார். கரைந்தது கரைந்ததுதான், திரும்ப வளராது.

பிறகு என்ன வேலை என்று கேட்டார். நீச்சல் பயிற்சியாளர் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணியில இருப்பீங்க?"

"அஞ்சு."

"அந்தத் தண்ணியை யார் சோதிக்கிறாங்க?"

யார் சோதிக்கிறார்கள். குளத்தின் பம்ப் ஆபரேட்டர், என் தம்பி.

பிப்ரவரி 8, சனி

வண்ண மீன் விற்கும் கடையில் தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்து வாங்கினேன். "என்ன மீன் வச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரர். பதினாலு இருக்கு, எல்லாம் ஸ்கூல் போகுது என்று சொல்ல வாய் வரை வந்தது.

குளத்து நீரைக் குப்பியில் எடுத்து மூன்று சொட்டு விட்டேன். மஞ்சள். அட்டையில் கடைசிக் கட்டம், அதற்குக் கீழே நிறமே கிடையாது. அமிலம். மற்ற மூன்று மூலையிலும் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

பம்ப் அறை வாசலில் பதிவேடு தொங்குகிறது. pH என்ற கட்டத்தில் நேற்று 7.4, இருக்க வேண்டிய அளவு. முந்தாநாள் 7.4. போன வாரம், போன மாதம், எல்லாம் 7.4. குளம் என்ன நின்றுபோன கடிகாரமா, ஒரே எண்ணில் நிற்க? ஒவ்வொரு வரியிலும் தம்பியின் கையெழுத்து. அழகாக வேறு போடுவான்.

பிப்ரவரி 10, திங்கள்

பம்ப் அறையில் அவனைப் பிடித்தேன். மறைக்கவில்லை. நான் கேட்டால் அவனுக்குப் பொய் வராது.

"குளோரின் வாயு விட்டா தண்ணி புளிக்கும்க்கா, அதைச் சரிக்கட்ட சோடா ஆஷ் போடணும். மூட்டை தீந்து எட்டு மாசம் ஆச்சு. கேட்டேன். மேனேஜர் சார் வாங்கித் தரல. ஏழு புள்ளி நாலுன்னு எழுதுன்னார், எழுதினேன்."

"எழுதினியா?"

"தண்ணி தெளிவாதானே இருக்கு? கண்ணாடி மாதிரி இருக்கு பாரு."

"உன் பொண்ணு அதுலதான்டா கிடக்கிறா! தினம் மூணு மணி நேரம்!"

அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன். இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். நல்ல பையன், பொறுப்பானவன் என்று அந்த மேலாளரிடம் நானே சொன்னேன். பொறுப்பாம்!

பிப்ரவரி 11, செவ்வாய்

மேலாளர் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். சிரித்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாம் கூல்டிரிங்க்ஸ்லயே குளிக்குதுங்க. பழி மட்டும் நம்ம குளத்துக்கா மேடம்?"

குப்பியை மேஜையில் வைத்தேன். அதைப் பார்க்கவே இல்லை.

"பதிவேட்டுல கையெழுத்து யாரோடதுன்னு பாத்தீங்களா? பாத்துப் பேசுங்க."

அவ்வளவுதான். குரல்கூட உயர்த்தவில்லை. அந்தச் சிரிப்பை அப்படியே பிய்த்து எறியலாம் போல இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

அம்மா போன். "கூடப் பொறந்தவன் வயித்துல அடிக்காதடி." பதினாலு பிள்ளைகளின் வாயில் அடித்திருக்கிறானே, அதற்கு என்ன சொல்கிறாள்?

பிப்ரவரி 13, வியாழன்

யாரையும் தண்ணீரில் இறக்கவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். மாலைக்குள் பெற்றோர்களிடமிருந்து பதினேழு போன். எல்லோருக்கும் ஒரே பதில்: சனிக்கிழமை பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பிப்ரவரி 15, சனி

பதினாலு பேரில் ஒன்பது பேருக்குக் கரைந்திருக்கிறது. வாரம் ஒருமுறை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும் எட்டுப் பிள்ளைகளையும் அழைத்திருந்தேன். அவர்களில் ஒருவனுக்குத்தான்.

ஒன்பதில் இரண்டு பேர் தினமும் சோடா குடிப்பார்களாம். அதையும் டாக்டர் எழுதினார். அதை ஏன் எழுதுகிறீர்கள் என்று அவரிடமும் எகிறினேன். "ரெண்டும் சேந்தா இன்னும் வேகமாக் கரையும், அது உண்மை. இதை மறைச்சா மத்த ஏழு பேரையும் உங்க மேனேஜர் பொய்யாக்கிடுவார்" என்றார்.

கடைசியாகத் தவளை. தம்பிதான் கூட்டி வந்தான். டாக்டர் விளக்கைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து அவனை அருகில் கூப்பிட்டார். முன்பற்களின் ஓரம் எண்ணெய் பட்ட காகிதம் போல வெளிச்சத்தை விட்டது.

"முளைச்சு நாலு வருஷம்தான் ஆகுது. இனி ஆயுசுக்கும் இவளுக்கு இதான் பல்."

தவளை வாயைத் திறந்தபடியே அப்பாவைக் கண்ணால் தேடினாள். அவன் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எதற்காகச் செருப்பைக் கையில் எடுத்தான், தெரியவில்லை. அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாகப் பாருடா என்றுதான் மனசு கத்தியது.

பிப்ரவரி 17, திங்கள்

பெற்றோர் கூட்டம். மேலாளர் எழுந்து, "பம்ப் ஆபரேட்டரின் அலட்சியம். நடவடிக்கை எடுக்கப்படும்" என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். நான் எழுவதற்குள் பின்வரிசையிலிருந்து தம்பி எழுந்துவிட்டான்.

"ஆமாங்க. சோதிக்காமலே எழுதினது நான்தான். என் பொண்ணும் அந்தத் தண்ணியிலதான் நீந்தினா."

பிறகு செல்போனை எடுத்து மேலாளர் அனுப்பிய குரல் பதிவைப் போட்டான். பத்து நொடிகூட இல்லை. 'மூட்டை மூட்டைன்னு நச்சரிக்காதே. ஏழு புள்ளி நாலுன்னு எழுதிட்டுப் போயிட்டே இரு.'

அறையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. இந்தப் பதிவு இத்தனை நாள் அவன் பையில் இருந்திருக்கிறது! அதற்கும் கோபம் வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

குளத்துக்குப் பூட்டு. தம்பிக்கு வேலை போயிற்று. மேலாளருக்கு விடுப்பு, சம்பளத்தோடு. சம்பளத்தோடு!

மார்ச் 24, திங்கள்

குளம் திறந்தது. புது மேலாளர், புது ஆபரேட்டர். பதினாலில் பத்துப் பேர்தான் வந்தார்கள். தவளை வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தம்பி வந்தான், இரண்டு மாதத்துக்குப் பிறகு. ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் பார்த்துக்கொள்ளும் வேலையாம். தவளை உள்ளே ஓடி டிவியைப் போட்டாள். முன்பற்களுக்குப் பூச்சு வைத்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

"பல் டாக்டர்கிட்ட அடுத்த செக்கப்புக்கு நீ கூட்டிட்டுப் போறியாக்கா? அந்த நாற்காலி பக்கத்துல என்னால நிக்க முடியல."

நில்லு, நின்னு பாரு — இதைச் சொல்ல இரண்டு மாதமாக நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். வந்ததோ வேறு.

"போன வருஷம் அவ என்கிட்ட சொன்னாடா. தண்ணி பட்டா பல் கூசுதுன்னு. ரெண்டு தடவை சொன்னா. சாக்கு சொல்லாதே, குதின்னு நான்தான் விரட்டினேன்."

இத்தனை பக்கம் கத்தியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. எனக்கு நானே எழுதுகிற நோட்டில்கூட.

அவன் என்னையே பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. உள்ளே தவளை டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள்.

"செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு" என்றான். "நீயும் வா. ரெண்டு பேரும் நிப்போம்."