அடுத்த படம்

என்னங்க,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

தொலைநோக்கிகளைப் பற்றிய உங்கள் பேச்சு இன்றும் பிரமாதம். முந்நூறு பேர் வாயைப் பிளந்து கேட்டார்கள். பேசும்போது நீங்கள் திரையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எல்லாப் படமும் மனப்பாடம் என்று பெருமை வேறு. பின்வரிசை இருட்டில் உட்கார்ந்து, நீங்கள் "அடுத்தது" என்றதும் பொத்தானை அழுத்துவதுதான் என் வேலை.

போன மாதம் ஒரு படம் முன்னே பின்னே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினீர்கள். இரண்டு தடவை. டாக்டரிடம், "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றேன். அவர் நம்பவில்லை; எக்ஸ்ரேயின் பிரதி ஒன்றை என் பையில் போட்டு அனுப்பினார்.

இன்று, விண்மீன் மண்டலங்கள் மோதுவதை எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்த படம் வர வேண்டிய இடத்தில் என் கையின் எக்ஸ்ரேயை வைத்தேன். நான்கு விரலும் ஒடிந்த கை. ஓரத்தில் தேதி, என் பெயர், பக்கத்தில் கணவர் என்று உங்கள் பெயர்.

நீங்கள் வழக்கம்போலக் கையை விரித்துச் சிரித்தீர்கள். "ரெண்டு கேலக்ஸி மோதியும் ஒரு நட்சத்திரத்துக்குக்கூட அடிபடல, பாருங்க!"

ஒருவரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றார். "கொஞ்சம் திரும்பிப் பாருய்யா."

திரும்பினீர்கள். அப்புறம் இருட்டைப் பார்த்து, "அடுத்தது! அடுத்தது!" என்று தொண்டை கிழியக் கத்தினீர்கள்.

நான் அழுத்தவில்லை.

இப்படிக்கு,
இதுவரை உங்கள் மனைவி