மாமன் வண்டிக்குப் பெரிய மோட்டார்

அன்புள்ள மாப்பிள்ளை செல்வராசு,

எங்கள் வீட்டு ஏற்றத்தில் உன் லோடு வண்டி உறுமினால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறவள் உன் அக்கா. இப்போது யார் வண்டிச் சத்தம் கேட்டாலும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நீ வாங்கி வைத்திருந்த பெரிய மோட்டாரில் மூன்று ஒயர் இருக்கிறதே, எதை எதோடு சேர்க்க நினைத்திருந்தாய்?

சிரிக்காதே. பத்தாம் வகுப்பில் வாத்தியார் மின்சாரப் பாடம் நடத்திய அன்று நான் பலாப்பழம் வெட்டப் போயிருந்தேன். பழம் நல்ல பழம். அதன் பலனை இப்போதுதான் அனுபவிக்கிறேன்.

உன் மருமகள் தர்ஷினிக்கு நீ வாங்கிக் கொடுத்த ரிமோட் பொம்மை, அந்த ராட்சச லாரியைத்தான் சொல்கிறேன். உடம்பைவிடச் சக்கரம் பெரிதாக இருக்கும் அந்த வண்டியை நீங்கள் இருவரும் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் ஓட்டினால், படகுக்கு வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க வருவார்கள். சமதரையில் அது சிங்கம். எங்கள் வீட்டு ஏற்றத்தில் மட்டும் பாதி வழியில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில், மூச்சு வாங்கி நின்றுவிடும். அப்போதுதான் நீ அந்தப் பேச்சைப் பேசினாய்.

"கண்ணு, உன்ற காதுகுத்துக்கு மாமன் தோடு இந்த வண்டியிலதான் வரும். பெரிய மோட்டாரு, புது பேட்டரி எல்லாம் போட்டு ஊட்டு வாசல் வரைக்கும் ஏத்திக் காட்டறேன் பாரு."

தோட்டை வாங்கி உன் அக்காவிடம் கொடுத்தாய். மோட்டாரை வாங்கிப் பெட்டியோடு எங்கள் அலமாரியில் வைத்தாய். பிறகு ஒரு காலை, குச்சிக்கிழங்கு மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழவில்லை. ஏன் மாப்பிள்ளை, அப்படி என்ன அவசரம்?

காதுகுத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? நம் மலையிலேயே தேவனூர் நாட்டு ஊரில் உங்கள் பெரியப்பா மகன் இருக்கிறாரே, அவர் மடி கொடுப்பார் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தர்ஷினி இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள்.

"அவரு என் மாமன் இல்ல. அவரு மீச குத்தும். என் மாமன் வண்டி தோடு கொண்டாந்தாத்தான் குத்திக்குவேன்."

சமாதானம் சொல் என்று உன் அக்காவைப் பார்த்தேன். நீ போனதிலிருந்து உன் பேரையே வாயில் எடுக்காதவள், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புள்ள கேக்கறது நாயந்தானுங்க. வண்டி வாசலேறி வந்தா வெச்சுக்கலாம். வல்லீன்னா இனி இந்த ஊட்டுல ஒரு விசேசமும் வேண்டாமுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் சாப்பாடு அரைச் சாப்பாடாகி எத்தனையோ நாளாயிற்று. ஒருவேளை இந்தக் காதுகுத்து நடந்தால் அவள் எழுந்து நடமாடுவாள் என்று நினைத்தேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு கொம்பு இல்லை. நாள் குறித்தேன், ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினேன், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

மூன்று ஒயரையும் என் கைக்கு வந்தபடி சேர்த்தேன். முன்னால் போகச் சொன்னால் வண்டி பின்னால் பாய்ந்து என் முழங்காலை உடைத்தது. நீ மோட்டார் வாங்கிய சேலத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ரெண்டு ஒயரை மட்டும் இடம் மாத்துங்கண்ணா, சரியாயிடும்," என்றார். சரியாயிற்று. நான் இன்ஜினியர் ஆகிவிட்டேன் என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். கேட்க யாரும் வெளியே வரவில்லை.

அன்று மாலை தூறலில் வண்டி நனைந்துவிட்டது. மிளகோ கேழ்வரகோ நனைந்தால் நாம் என்ன செய்வோம்? அடுப்புக்கு மேலே பரணில் பரப்பி வைப்போம். என் மூளை அங்கேதான் போயிற்று. பேட்டரியைக்கூடக் கழற்றாமல் வண்டியைப் பரணில் ஏற்றி, பற்றாததற்குக் கீழே இரண்டு விறகைக் கூடவே தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. ஒரு சக்கரம் இட்லி மாதிரி அமுங்கிவிட்டது.

"அண்ணா, வெடிக்காம விட்டுதே, அதுவே உங்க நல்ல நேரம்! மணல் வாளியில போட்டுத் தள்ளி வைங்க. இனிமே தொடாதீங்க," என்று கடைக்காரர் போனில் அலறினார். "ஊர்ல எல்லாரும் பேட்டரிய சார்ஜ் போடுவாங்கண்ணா, நீங்க ஒருத்தர்தான் வேக வைக்கிறீங்க."

வேறு பேட்டரியும் சக்கரமும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். மாட்டி ஓட்டினேன். ஒரு உறுமல், ஒரு கடகடப்பு, அவ்வளவுதான். மோட்டார் மட்டும் சுற்றியது, வண்டி நகரவில்லை. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் தேங்காய்த் துருவல் மாதிரி கொட்டிக் கிடந்தது.

"மோட்டாருக்கு மட்டும் பலம் குடுத்தா பத்தாதுண்ணா. அடுத்து எது இளைச்சதோ அது உடையும்," என்றார் அவர். வண்டியைத்தான் சொன்னார். நான் சுவரோரம் படுத்திருந்த உன் அக்காவைப் பார்த்தேன். நீ போனாய், அவள் உடைந்தாள். அவளைப் பார்த்துப் பிள்ளை சிரிப்பதை விட்டாள். அடுத்தது நான்தானா மாப்பிள்ளை? சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே எத்தனை நாளைக்குத் தாங்குவேன்?

இரும்புப் பல்சக்கரம் வந்தது. அதையும் போட்டேன். இப்போது வண்டிக்குப் பலம் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏற்றத்தில் ரிமோட்டை அழுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழுகிறது. மெதுவாக அழுத்தினால் திக்கித் திக்கி நிற்கிறது. நடுவில் ஒரு வேகம் இருக்க வேண்டுமே, அது என் விரலுக்கு அகப்படவில்லை. மஞ்சள் துணியில் இரண்டு மிளகை முடிந்து, தோடு என்று வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மிளகைத் தேடி நான் தவழ்ந்ததுதான் மிச்சம்.

நாளைக்குக் காதுகுத்து. இன்று காலையிலேயே குண்டூர் நாட்டிலிருந்து என் பங்காளிகள் வந்து, பந்தக்கால் நட்டுவிட்டு, நான் தவழ்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஏனப்பா, அத கையில தூக்கிக் கொண்டாந்து குடுத்தாப் போச்சு. புள்ளைக்கு என்ன தெரியும்?" என்றார் ஒருவர். பிள்ளைக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

மதியம் அவர்கள் சாப்பிடப் போனதும் மறுபடி ஓட்டினேன். மறுபடி மல்லாந்தது. அந்த சில்வர் ஓக் மரத்தடியிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ரிமோட்டைக் கிணற்றில் எறிந்துவிட்டு, விசேஷம் இல்லை என்று பந்தலைப் பிரித்துவிடலாம் என்று தோன்றியது. தர்ஷினி பக்கத்தில் வந்து நின்றாள். மல்லாந்து கிடந்த வண்டியை நிமிர்த்தி வைத்தாள். அதுதான் தாங்கவில்லை. "முடியல சாமி," என்றேன். அவள் கை மெதுவாகக் காதுக்குப் போயிற்று.

அப்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, என்ற தம்பி இந்த ஏத்தத்துல என்னைக்குங்க நேரா வந்தான்?"

உன் அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

எப்படி மறந்தேன் மாப்பிள்ளை? எங்கள் வாசலில் வண்டி திருப்ப இடமில்லை. சுமையோடு வந்தால் நேராக ஏறவும் ஏறாது. நீ கீழேயே வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டு, முழு ஏற்றத்தையும் பின்பக்கமாகவே ஏறி வருவாய். வாசலில் நின்று அவள் உனக்கு வழி சொல்லுவாள். உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உன் வண்டியின் பின்பலகையைத்தான் எப்போதும் அவள் பார்ப்பாள். இந்தக் குட்டி வண்டிக்கும் பின்னால் போகும்போது பாதி வேகம்தான் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இவ்வளவு பெரிய மோட்டாருக்கு இது என்ன குறை என்று அவரோடு சண்டை போட்டவன் நான்.

வண்டியைத் திருப்பி வைத்தேன். தர்ஷினி மிளகு முடிச்சைப் பின்பக்கம் கட்டினாள். ரிவர்ஸை அழுத்தினேன். மூக்கைத் தூக்காமல், பதறாமல், ஒவ்வொரு கல்லாகக் கடந்து ஏறியது. சில்வர் ஓக் மரத்தைத் தாண்டியது. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

"வரட்டும்... வரட்டும்..." மேலேயிருந்து அவள் சொல்ல ஆரம்பித்தாள். "லெப்ட்டுல ஒடி. ஒடி. கல்லு இருக்குது, பாத்து. இன்னும் வரட்டும்... வரட்டும்..."

அவள் சொன்னபடியே என் விரல் போயிற்று. வண்டி வாசற்படியை முட்டியது. உன் வண்டியின் பின்பலகையை இரண்டு தட்டுத் தட்டுவாளே, அதே போலக் குனிந்து அந்த வண்டியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போதும்டா," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் 'டா' போட்டதில்லை. ரிமோட்டைப் பிடித்திருந்தது நான்தான். ஆனால் அவள் என்னிடம் பேசவில்லை.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நீ போன அன்றுகூட இப்படி அழவில்லை. தர்ஷினி மேலே ஓடி அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்து உன் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மாமன் மடிக்கு இந்த மடியே போதுமுங்க. ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுதான்."

பேட்டரி இப்போது சார்ஜில் இருக்கிறது. அடுப்பிலிருந்து எட்டத்தில்தான் வைத்திருக்கிறேன், பயப்படாதே. நாளைக்கு மிளகு இல்லை, நீ வாங்கிய தோடு. சுற்றிலும் கூட்டம் நிற்கும். மழை வந்தால் பாதை வழுக்கும். பயமாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. ஒரு தடவை ஏறியது மறு தடவையும் ஏறுமா?

வழியில் நின்றாலும் கையால் தூக்கமாட்டேன், இது சத்தியம். திரும்பக் கீழே கொண்டுபோய், உன்னைப் போலவே ரிவர்ஸ் போட்டு, உன் அக்கா 'போதும்டா' என்று சொல்லும்வரை ஏற்றிக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் புருஷன், தர்ஷினியின் அப்பன், நாளை ஒருநாள் மட்டும் உன் டிரைவர்,
உன் மச்சான்.