ஒன்பதாவது நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாமல் படி. போன் செய்தால் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வந்து சேர்வதற்குள் எனக்குப் பல்லெல்லாம் கொட்டிவிடும் என்பதால் பேனாவை எடுத்தேன்.

அம்மா போய் பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்த மாதமே நீ ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, அத்தனை தூரத்தில் போய் இன்சூரன்ஸ் கம்பெனியில் காகிதம் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டாய். டாக்டர் வேலை அலுத்துவிட்டது என்றாய். கேட்பவர்களிடமெல்லாம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ திரும்பி வர வேண்டும், பழைய வேலைக்கே வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க முடியும்.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். கீழ்வீட்டுக்காரர் இன்னும் என் வண்டியை இடித்துக்கொண்டுதான் தன் வண்டியை நிறுத்துகிறார்.

ரிட்டயரான பிறகும் பழைய லிஃப்ட் ஏதாவது மக்கர் செய்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு பயிற்சி மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களை முதல் சில நிமிடங்களில் எப்படிக் காப்பாற்றுவது என்று டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மேல்பயிற்சி கொடுக்கிற இடம். மூன்றாவது மாடியில் ஒரு கூடம், ஜன்னலே கிடையாது. லிஃப்டைச் சரிசெய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நோயாளியாக நடிக்க வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லையாம். பயிற்சி நடத்துகிற பெரிய டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, கொஞ்ச நேரம் படுத்துக்கறீங்களா?" என்றார். வேலை செய்யாமல் படுக்கச் சொல்லி என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை. சரி என்றேன்.

வலது காலில் ரப்பர் காயம் ஒன்றை ஒட்டினார்கள். எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ரத்தம் கசிவதற்கு ஒரு குழாய். பிறகு ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், சாலையைக் கடக்கும்போது வேன் மோதியது, கூடவே காய்கறிப் பை. "பெண்ணா?" என்றேன். பரவாயில்லை, வசனத்தைச் சொன்னால் போதும் என்றார்கள். வயதும் வேனும் பையும் அம்மாவுக்கு நடந்த மாதிரியே இருந்தன. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஊரில் வேன் மோதாத நாள் ஏது என்று என்னையே அதட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மூன்று மூன்று பேராக வந்தார்கள். நான் "மூச்சு முட்டுது" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஒன்பதாவது நிமிடத்தில் பேச்சை நிறுத்திக் கண்ணைத் திறந்தபடியே கிடக்க வேண்டும். விஷயம் இதுதான்: கால் காயம் பார்க்கத்தான் பயங்கரம், ஆளைக் கொல்லாது. விலா எலும்பு உடைந்து, இடது நெஞ்சுக்குள் காற்று அடைத்து, நுரையீரலையும் இதயத்தையும் அமுக்கிக்கொண்டிருக்கிறது. நெஞ்சில் ஊசி போட்டு அந்தக் காற்றை வெளியேற்றினால் பிழைத்துவிடலாம். உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர்கள் எல்லோரும் காலில் போய் விழுந்தார்கள். துணியைச் சுற்றினார்கள், அழுத்தினார்கள். யாராவது தாமதமாக என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், டாக்டரம்மா பின்னாலிருந்து அமைதியாகச் சொல்வார்: "இடது பக்கம் காத்துச் சத்தம் இல்லை." நான் நன்றாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அவர் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் நிஜமாகவே மரத்துப்போனது. கடைசியில் ஒருவர் என் முகத்துக்கு மேல் குனிந்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தை உரக்கச் சொல்வார். நான் செத்த நேரம் அது. திறந்த கண்ணோடு அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

மூன்றாவது குழு வந்தபோது அது நடந்தது. எட்டாவது நிமிடம் இருக்கும். என் வாய் தானாகச் சொன்னது: "ஜன்னலைத் திறந்து விடு."

அட்டையில் அது இல்லை. நான் நினைத்துச் சொன்னதும் இல்லை. அம்மா ஜன்னலை மூடுகிற ஆள் என்பது உனக்கே தெரியும். தூசி வரும் என்பாள். முப்பத்திரண்டு வருடத்தில் திற என்று அவள் சொல்லி நான் கேட்டதே கிடையாது. குரல் என்னுடையதுதான், ஆனால் சொன்ன விதம் என்னுடையது இல்லை.

டாக்டரம்மா எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அதை யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றார். தெரியாது என்றேன். டீ இடைவேளையில் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். அட்டைக்கு மூலமான கைப்பிரதி. ஜன்னல் வசனம் அதில் இருந்ததாம். இல்லாத ஜன்னலைப் பயிற்சிக்கு வந்தவர்கள் தேட ஆரம்பித்ததால் முதல் வகுப்பிலேயே அதை வெட்டிவிட்டாராம். எழுதியவர் தன்னிடம் படித்த ஒரு டாக்டர், தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்தார், பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார் என்றார்.

பெயர் எனக்கு எதற்கு? அந்தக் கையெழுத்தே போதும், உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவன் நான்.

முழுவதும் படித்தேன். அதிலும் டாக்டர் காலைத்தான் கட்டிக்கொண்டிருந்தார், நெஞ்சைப் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் 'நோயாளி' என்று எழுதியிருக்கிறாய். ஒரே ஓர் இடத்தில் 'அம்மா' என்று எழுதி, காகிதம் கிழியும் அளவுக்கு அடித்திருக்கிறாய். கடைசிப் பக்கத்தில், 'ஜன்னலைத் திறந்து விடு குருவி' என்று நோயாளி இரண்டு முறை சொன்னதாக இருக்கிறது. உன்னைக் குருவி என்று கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான்.

அம்மாவை உன் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். "நான் கீழே எமர்ஜென்சிக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுப்பா" என்று அன்றைக்கு என் தோளில் சாய்ந்து சொன்னாய். நான் நம்பினேன்.

பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் உன் மேல் கோபம் இருந்தது. செய்த தவறை விட, என்னிடம் மறைத்ததுதான் நெஞ்சைச் சுட்டது. மூன்றாம் நாள் ஒன்று ஞாபகம் வந்தது. நீ பிறப்பதற்கு முந்தைய வருடம், ஒரு லிஃப்டில் கதவு கிறீச்சிடுகிறது என்று கூப்பிட்டார்கள். கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பிரேக்கைப் பார்க்கவில்லை. பிரேக் சத்தம் போடவில்லையே. அன்று சாயங்காலமே லிஃப்ட் ஒரு மாடி விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. அது ஒன்றுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம். அது என் சாமர்த்தியம் இல்லை.

டீ இடைவேளைக்குப் பிறகு நான் மறுபடியும் படுத்தேன். வேண்டாம் என்று டாக்டரம்மா கையைப் பிடித்தார், கேட்கவில்லை. நான்கு குழு வந்தது, நான்கிலும் செத்தேன். ஐந்தாவதாக வந்த கடைசிக் குழுவில் ஒல்லியாக ஒரு நர்ஸ். காலை நோக்கிக் குனிந்த டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவங்க மூச்சு முட்டுதுன்னு சொல்றாங்க சார், அதைக் கேளுங்க" என்றாள். ஏழாவது நிமிடத்தில், ஊசி போடுவதற்கென்றே பக்கத்தில் வைத்திருந்த ரப்பர் நெஞ்சில் ஊசியை இறக்கினார்கள். "காத்து வெளியேறுது. பேச்சு வருது" என்றார் டாக்டரம்மா.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிழைத்தால் சொல்வதற்கு அட்டையில் வசனம் இல்லை மகளே. அன்றுவரை யாரும் பிழைத்ததில்லையாம், அதனால் எழுதவே இல்லை. ஒன்பதாவது நிமிடம் தாண்டியது. பத்தும் தாண்டியது. கடைசியில் என் வாய் சொன்னது: "இருக்கேன்."

அதுவும் என் குரல் மாதிரி இல்லை. நர்ஸ் பெண் அழுதுவிட்டாள். நானும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஜன்னலையும் நான் மூடுவதில்லை. தூசி வருகிறது, வரட்டும்.

வரும் பன்னிரண்டாம் தேதி மறுபடி வகுப்பு. நானே நோயாளி என்று சொல்லிவிட்டேன். மேசைக்குப் பக்கத்தில் நின்று, எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றார் டாக்டரம்மா. ஒருத்தி இருக்கிறாள், கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு நடந்ததைப் பற்றி உன்னிடம் நான் எதையும் கேட்கப் போவதில்லை, நீயும் எதையும் விளக்க வேண்டாம். வந்து பக்கத்தில் நில். நான் படுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா