துடைக்காத பலகை

மிஸ், பள்ளிக்கூடத்து டஸ்டர் இப்போது என் காய்கறிப் பைக்குள் கிடக்கிறது. முருங்கைக்கீரையை மீறி மார்க்கர் மை வாடை அடிக்கிறது. அந்த வாடைக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது.

தினமும் சென்னை ரயிலில் எங்கள் ஊருக்கு வந்து இறங்குவீர்கள். இன்டர்நேஷனல் பள்ளிக்கூடம் என்று பெயர், ஆனால் உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாதி நாள் வெயிலில்தான் இருப்பார்கள். எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குப் படி எத்தனை என்று புத்தகத்திலேயே இருக்கிறதே என்றான் ஒருவன். “புத்தகம் மலை ஏறிச்சா? நீ ஏறி எண்ணிட்டு வா” என்றீர்கள். எண்ணி வந்தார்கள், ஆளுக்கு ஒரு கணக்கு. எல்லாக் கணக்கையும் பலகையில் எழுதி, யார் எங்கே தவறினார்கள் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்தீர்கள்.

அன்று சாயங்காலம் நான் துடைத்துவிட்டேன். கூட்டுவதும் துடைப்பதும்தானே ஆயா வேலை? மூலையில் சிவப்பு மையில் ஏதோ இங்கிலீஷ் இருந்தது. நான் படித்தது மூன்றாவது, அதுவும் தமிழ்.

மறுநாள் பிள்ளைகள் அழுதார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினீர்கள்.

“கண்ணு தெரியலையா ஆயாம்மா? அழிக்காதீங்கன்னு எழுதி வெச்சிருக்கேனே!”

“எழுதி வெச்சிக்கீறீங்க மிஸ். யாருக்கு எழுதினீங்க?”

நீங்கள் மார்க்கரை எடுத்துத் தமிழில் எழுதினீர்கள்: ‘படிக்க வேண்டியவருக்குத் தெரியாத மொழியில் எழுதிவிட்டேன்.’ கீழே உங்கள் பெயர்.

அன்றைக்குத்தான் அது தப்புப் பலகை ஆனது. தப்பு செய்தவர் தன் பெயர் போட வேண்டும், எப்படி நடந்தது என்று எழுத வேண்டும், மன்னிப்பு மட்டும் கேட்கக் கூடாது. “மன்னிப்பு கேட்டா யோசிக்கிறத நிறுத்திடுவாங்க” என்பீர்கள்.

அதனால் என்னிடமும் நீங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் முன்னால் கத்தியதை நான் இன்னும் மறக்கவில்லை மிஸ். செத்தவர்களுக்கென்று என்னிடம் தனிச் சலுகை கிடையாது.

போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் காய்ச்சலில் போய்விட்டீர்கள். பிள்ளைகள் பலகையை விடவில்லை. இப்போதும் எழுதுகிறார்கள், பெயர் போட்டு. உங்கள் வரியும் மேலே அப்படியே இருக்கிறது.

இன்று சூப்பர்வைசர் வந்தார்.

“ஆயாம்மா, நாளைக்கு பேரன்ட்ஸ் வராங்க. இந்தப் பலகை பூரா தப்பு தப்பா கீது. தொடச்சிடு.”

“மாட்டேன் சார்.”

“தொடைக்கிறதுதான உன் வேலை?”

“ஆங். அதான் எதைத் தொடைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்.”

“நாளைக்கு வேலைக்கு வர வேணாமா?”

“வருவேன். நீங்க நிறுத்தினா பிள்ளைங்க முன்னால நிறுத்துங்க.”

டஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பலகையைத் துடைக்க வேறு துணி இல்லாமலா போயிற்று என்று கேட்பீர்கள். அந்த மனுஷனாவது, துணியைக் கையால் தொடுவதாவது!

காலையில் முதல் மணிக்கு முன்னால் போவேன். இத்தனை நாள் அந்தப் பலகையில் நான் ஒரு வரி எழுதியதில்லை. நாளைக்கு எழுதுவேன், தமிழில், எல்லோரும் படிக்கிற மாதிரி பெரிதாக: ‘டஸ்டரை வீட்டுக்கு எடுத்துப் போனேன். துடைக்கச் சொன்னார்கள், அதனால்.’ கீழே என் பெயர்.

மன்னிப்பு கேட்க மாட்டேன். நீங்கள் போட்ட சட்டம்.