நாற்பத்தோராம் அடிக்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

வெள்ளியன்று கட்டுரை அச்சுக்குப் போகிறது. பயந்துபோய்ப் பத்திரிகையிடமிருந்து இருமுறை திரும்ப வாங்கிய கட்டுரை. சொல்ல வந்ததை எண்ணிட்டு எழுதிப் பார்க்கிறேன்:

1. கிரேக்கப் புராணங்களைக் கையேடாகத் தொகுத்த, பெயர் தெரியாத அந்த மனிதர், தாம் சான்று காட்டும் பழங்கவிகளைப் படித்ததே இல்லை.

2. முந்தைய சுருக்க நூல் ஒன்றிலிருந்து கதைகளையும் கவிகளின் பெயர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

3. ஆகவே அவர் ஏமாற்றுக்காரர்.

மூன்றாவது கொஞ்சம் காரம்தான். எழுபத்து நான்கு வயதில் ஒருமுறையாவது துணியக் கூடாதா?

மார்ச் 4

மழை. அடிக்குறிப்புகள் 1 முதல் 40 வரை பார்த்தாயிற்று. பிழையில்லை.

மார்ச் 5, வியாழன்

41: நதித்தெய்வத்துக்கு ஏழு மகள்கள் என்று ஒரு பழைய உரையாசிரியர் சொல்வதாகக் காட்டியிருக்கிறேன்; என் வாதத்துக்கு வைத்த ஐந்து சான்றுகளில் ஒன்று. நூலகர் அம்மா கீழ்த்தளத்திலிருந்து அந்தத் தொகுதியை எடுத்து வந்தார். பக்கத்தைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, எதிர்ப்பக்க மொழிபெயர்ப்பைப் படித்தார்.

"என்ன சார், கிணறு வெட்டுறதப் பத்தில்ல இருக்கு? உங்க ஏழு பொண்ணுங்களும் எங்க போனாங்க?"

சிரிப்பு வரவில்லை. பக்க எண்ணை என் ஆசிரியரின் நூலிலிருந்து எடுத்தேன். மூலத்தைத் திறந்ததே இல்லை. முப்பது வருஷமா வகுப்புல இதையேதான் சொல்லியிருக்கேன் — ஐயோ, என்ன மனுஷன் நான்? கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடலாமா?

மாலையில் மகளிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஏம்ப்பா, யாரையாவது ஏமாத்தணும்னா போட்டீங்க?"

"இல்லம்மா. எங்க வாத்தியார் தப்பா எழுதமாட்டார்னு நம்பிட்டேன்."

"அந்தக் கிரேக்கக்காரரும் அப்படி யாரையாவது நம்பியிருப்பாரு. பாவம், அவர மட்டும் எதுக்குப்பா திட்றீங்க?"



மார்ச் 6, வெள்ளி

காலையிலேயே பத்திரிகை ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இவ்வளவுதானா சார்? மறுபடியும் கட்டுரை வேணாம்னு சொல்லப்போறீங்களோன்னு பயந்தே போயிட்டேன்! இன்னும் நாலு சான்று இருக்கே. திருத்தி மதியத்துக்குள்ள அனுப்பிடுங்க."

அனுப்பிவிட்டேன். 41இல் இப்போது இரண்டே வரி: இச்சான்றை மூலம் பாராமல் பல்லாண்டு கற்பித்துவந்தேன், சுட்டிய பக்கத்தில் அது இல்லை.

மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டேன். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

முதலிரண்டும் நிற்கின்றன. மூன்றாவது தவறு. அனுப்பும் முன்பே கட்டுரையில் அடித்துவிட்டேன்.