உங்கள் ஷூவை ஒளித்து வைத்தவன் எழுதுவது

மாஷே,

"நிற்காமல் எத்தனை படி ஏறுவீங்க?"

போன வாரம் எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பெண் என்னிடம் கேட்டாள். அடுத்த மாதம் எனக்கு வயிற்றில் ஆபரேஷன். நான் யோசிப்பதற்குள் கையில் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தாள். மூன்று குழாய், மூன்று பந்து. மூச்சை இழுத்தால் பந்து மேலே எழும்ப வேண்டும். "இன்னிக்கே ஆரம்பிங்க. ஆபரேஷன் வரைக்கும் தினம் நடக்கவும் வேணும்."

எனக்குக் கோபம் பொங்கியது. அவள் மேல் இல்லை. இதே கருவியை உங்கள் கட்டிலில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகுதான் கொடுத்தார்கள். முதல் பந்துகூட அசையவில்லை.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் கணக்கு வாத்தியார், நான் சயன்ஸ் வாத்தியார்; ஊருக்கு இருவருமே 'மாஷ்'. ரிட்டயர் ஆன பிறகு தினமும் மாலையில் மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை நடப்போம். வைப்பின் தீவுக்குப் போகும் படகைப் பார்த்தபடி ஒரு சாயா. இரண்டு வயது மூத்த நீங்கள்தான் எப்போதும் முன்னால். "சயன்ஸ் இன்னும் வந்து சேரலையா?" என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

உங்கள் ஆபரேஷனுக்கு ஐந்து வாரம் இருந்தது. தேதி தெரிந்த அன்றே எல்லோரும் சேர்ந்து உங்களைக் கட்டிலில் போட்டோம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. உங்களைப் பார்க்க ஆரஞ்சோடு வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டு: "அனங்கண்டா மாஷே, அசையாம கிடங்க!" உங்கள் ஷூவைக் கொண்டுபோய் என் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டியவன் நான்.

"ஏன் மாஷே, பரீட்சைத் தேதி வந்ததும் பிள்ளைங்க கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவீரா?" என்று கேட்டீர்கள்.

"சும்மா கிடங்க. தெம்பைச் சேர்த்து வைக்கணும்" என்றேன்.

சேர்த்து வைக்க அது என்ன அரிசியா? மாவுக்கட்டுப் பிரித்த பையனை வகுப்பில் நிறுத்தி, "பாருங்க, அசையாத கை எப்படி மெலிஞ்சிருக்கு" என்று காட்டியவன் நான். அந்தப் பாடம் உங்கள் வாசலில் எனக்கு மறந்துபோனது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. உங்களால் எழுந்து நிற்கத்தான் முடியவில்லை. நெஞ்சில் சளி கட்டியது. இரண்டு வாரத்தில் போய்விட்டீர்கள். நடந்திருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உங்களிடம் இருந்த பலத்தை, அது மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், அன்பு என்ற பெயரில் பறித்தோம். அதை நினைத்தால் இன்றும் எரிகிறது.

நேற்று என் மகள் என் செருப்பை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். "ஆபரேஷன் முடியட்டும்ப்பா, வெளியே போகண்டா."

கத்திவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து உங்கள் ஷூவைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவளே ஸ்டூல் போட்டு ஏறி என் செருப்பை எடுத்துத் தந்தாள். இன்று மாலை இருவரும் படகுத்துறை வரை போய் வந்தோம். கருவியில் இரண்டு பந்து எழும்புகிறது, மாஷே. மூன்றாவது இன்னும் முரண்டு பிடிக்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்தால், ஆரஞ்சு வாங்கப் போவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: "அதுவரைக்கும் இவர் தினம் எவ்வளவு நடக்கலாம்?"